அஸ்ஹரிலிருந்து அபூ ஸஅபல் வரை

நாட்டுக்குத் தேவையான தொழில் வல்லுநர்களை உருவாக்குவது பல்கலைக்கழகங்களின் கடமை என்று இன்று யாவரும் கூறுகின்றனர். அக்கடமை எவ்விதம் நிறைவேறும், எங்கே தவறிப்போகும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் எகிப்து தக்க சான்றாகும்.

1805இல் எகிப்தின் ஆட்சிப் பொறுப்பேற்ற முஹம்மது அலீ பாஷா ஐரோப்பிய முறையில் பெரும்படை ஒன்றைத் திரட்டினார். படைக்கு மருத்துவர்கள் தேவைப்பட்டனர். ஆகவே 1827இல் கெய்ரோவை அடுத்த அபூ ஸஅபலில் மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. அதன் தலைவர் குளோ பே என்னும் பிரெஞ்சு மருத்துவர். ஆசிரியர்கள் ஐரோப்பியர், மாணவர்களோ அல்-அஸ்ஹரில் ஓதியவர்கள். மொழிபெயர்ப்பாளர்கள் இடையில் நின்று பாடங்களை அரபியில் எடுத்துரைத்தனர். அஸ்ஹரின் ஷைகுமார்கள் பெயர்ப்பு நூல்களின் நடையைச் செப்பனிட்டனர். பூலாக் அச்சகம் அவற்றை அச்சிட்டது. நஹ்வும் ஸர்ஃபும் ஓதியவர்கள் உடற்கூறு கற்றது இவ்வாறுதான். 1832இல் மருத்துவச்சியர் பள்ளியும் தோன்றியது.

1826இல் பாரிஸுக்குச் சென்ற மாணவர் குழுவுக்கு இமாமாக அனுப்பப்பட்டவர் ரிஃபாஆ அத்தஹ்தாவி. தொழுகை நடத்தச் சென்றவர், பிரெஞ்சு மொழியைக் கற்றுத் தேர்ந்து 1831இல் திரும்பினார். 1835இல் உருவான மொழிகள் பள்ளியை அவரே வழிநடத்தினார். வரலாறு, புவியியல் முதலான துறை நூல்கள் அவராலும் அவர்தம் மாணவர்களாலும் அரபிக்கு வந்தன.

எனினும் இக்கட்டமைப்பில் ஒரு குறை இருந்தது. பள்ளிகள் பெரும்பாலும் படையை நம்பியே நின்றன. 1841இல் எகிப்தியப் படை 18,000 பேருக்கு மிகாமல் இருக்க வேண்டுமென உஸ்மானிய அரசு வரம்பிட்டதும் பல பள்ளிகள் சுருங்கின, சில மூடப்பட்டன. 1848இல் ஆட்சிக்கு வந்த அப்பாஸ் பாஷாவின் காலத்தில் மொழிகள் பள்ளியும் மூடப்பட்டது. தஹ்தாவி சூடானின் கார்ட்டூமுக்கு அனுப்பப்பட்டார். ஆனால் பொதுமக்களின் பிணி தீர்க்கவும் பயன்பட்ட மருத்துவப் பள்ளி, இடையில் நலிந்தபோதும் மீண்டெழுந்தது. 1837இலேயே கெய்ரோவின் கஸ்ருல் ஐனீக்கு இடம் மாறியிருந்த அது, 1925இல் அரசுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவாயிற்று.

ஒரே எஜமானின் தேவைக்காகப் பயிற்றப்படும் திறன் அவனோடு மங்கும். மக்களின் மொழியிலும் மக்களின் தேவையிலும் வேரூன்றிய திறனே நிலைக்கும்.

மார்க்கக் கல்வி கற்றவனுக்குத் தொழிற்கலை கைவராது என்று நம்மிடையே சிலர் எண்ணுகின்றனர். அரபுக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் நாமும் சில வேளை அவ்வெண்ணத்துக்கு இடமளித்து விடுகிறோம். எகிப்தின் முதல் நவீன மருத்துவர்கள் எந்த வகுப்பிலிருந்து எழுந்து சென்றார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.