சுவரைத் தொட்டது யார்?

ஓட்டப் பந்தயத்தைப் போட்டோ பிடிக்கிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஓடுகிறவன் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வெட்டவெளியில் இருக்கிறான். நீந்துகிறவன் அப்படியில்லை. உடம்பில் முக்கால் பங்கைத் தண்ணீருக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரு முழங்கையையும் ஒரு தொப்பியையும் ஏராளமான நுரையையும்தான் காமிராவுக்குத் தருகிறான். கரையில் குந்தியிருக்கும் படக்காரர் அவன் மூச்சு வாங்க முகத்தைத் திருப்பும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் மூச்சு வாங்கும் பிள்ளை என்று முன்னாலேயே விசாரித்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாய்ப் போய் உட்காரவும் வேண்டும். இல்லாவிட்டால் பந்தயம் முழுவதும் அவனுடைய பிடரிதான் படத்தில் விழும்.

தவளை நீச்சலும் பட்டாம்பூச்சி நீச்சலும் தேவலை. ஒவ்வொரு வீச்சுக்கும் தலை நேர் எதிரே எழும்பும். லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திக்கொண்டு எதிர்க் கோடியில் இருந்தால், வாய் திறந்த முகமும் விரிந்த தோள்களும் கிடைக்கும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் திறந்து மூடினால்தான் நீர்த்துளிகள் முத்து முத்தாக உறைந்து நிற்கும். புறப்படும் சமயத்தில் மட்டும் பளிச்சென்று விளக்கைப் போடக் கூடாது. மேடையில் குனிந்து நிற்கும் பிள்ளைகள் அதையே உத்தரவாக நினைத்துக் குதித்துவிடுவார்கள்.

கரையில் நின்று அவதிப்படுவதை விடத் தண்ணீருக்கு அடியில் நடப்பதையே பிடித்துவிடலாம் என்று சிலருக்கு வெகு காலத்துக்கு முன்பே தோன்றியிருக்கிறது. 1917-ல், யுத்தத்தில் காயம்பட்டு ஹங்கேரியில் எஸ்டெர்கோம் என்ற ஊரில் தேறிக்கொண்டிருந்த ஆந்த்ரே கெர்தெஸ் என்ற இளைஞர், குளத்தில் மூழ்கி நீந்தும் ஒருவனை மேலிருந்து படம் பிடித்தார். வெயில் தண்ணீரில் வலை பின்ன, அந்த வலைக்குள் உடம்பு நெளிந்து நீண்டு கிடக்கிறது. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸில் ஹான்ஸ் எர்ட்ல் என்பவர் நீர் புகாத பெட்டிக்குள் காமிராவை வைத்துக்கொண்டு, உயரத்திலிருந்து குதிக்கிறவர்களோடு தாமும் தண்ணீருக்குள் போனார். அவர் பிடித்துத் தந்தது ஹிட்லர் ஆட்சியின் பெருமையைப் பரப்பிய ஒரு படத்துக்கு என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்ட சமாசாரம். நான் சொல்ல வந்தது ஒரு வழக்கைப் பற்றி.

1960-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி. ரோமாபுரி ஒலிம்பிக்ஸில் 100 மீட்டர் பிரீஸ்டைல் பந்தயத்தின் இறுதிச் சுற்று. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு வயது 23. அமெரிக்காவின் லான்ஸ் லார்ஸனுக்கு 20. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் காரியம் அது. இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சுவரைத் தொட்டார்கள். லார்ஸன் உற்சாகத்தில் தண்ணீரிலிருந்து எழும்பிக் குதித்தார். டெவிட் அவரைப் பாராட்டிவிட்டு வாடிய முகத்தோடு கரையேறினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யார் ஜயித்தது என்பதில் அந்த இருவருக்குமே சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

சந்தேகம் வந்தது கரையில் நின்றவர்களுக்குத்தான். அந்தக் காலத்து முறை விசித்திரமானது. முதலாவதாக வந்தவர் யார் என்று பார்க்க மூன்று நீதிபதிகள். இரண்டாவதாக வந்தவர் யார் என்று பார்க்க வேறு மூன்று பேர். முதல் மூவரில் இருவர் டெவிட்டே முதல் என்றார்கள். ஒருவர் லார்ஸன் என்றார். அடுத்த மூவரையும் கேட்டார்கள். அவர்களில் இருவர் டெவிட்தான் இரண்டாவது என்றார்கள்! அதாவது ஆறு ஜோடிக் கண்களில் மூன்று டெவிட் பக்கம், மூன்று லார்ஸன் பக்கம்.

சரி, கடிகாரம் என்ன சொல்லிற்று? டெவிட்டின் பாதையில் மூன்று கடிகாரங்களும் 55.2 விநாடி என்றன. லார்ஸனின் பாதையில் 55.0, 55.1, 55.1. மூன்றில் ஒன்றுகூட டெவிட்டுக்குச் சாதகமாக இல்லை. சோதனைக்காக வைத்திருந்த மின்சார யந்திரமும் லார்ஸனே கொஞ்சம் முந்தியவர் என்று காட்டியது. ஆனால் தலைமை நீதிபதி ஹான்ஸ் ரன்ஸ்ட்ரோமர் டெவிட்டே முதல் என்று தீர்ப்புச் செய்தார். அப்படித் தீர்ப்புச் சொல்லும் உரிமையே விதிப்படி அவருக்கு இல்லை என்று வாதித்தவர்கள் உண்டு. இரண்டாவதாக வந்தவருடைய நேரம் முதலாவதாக வந்தவருடையதை விடக் குறைவாக இருந்தால் உலகம் சிரிக்குமல்லவா? அதற்கும் ஒரு வழி செய்தார்கள். லார்ஸனின் நேரத்தையும் 55.2 என்று திருத்தி எழுதினார்கள். எனக்கு இந்தக் கதையில் மனத்தை உறுத்தும் இடம் இதுதான். கண் பிசகுவது மனித சுபாவம். ஆனால் கண் பிசகியதற்குத் தோதாகக் கடிகாரத்தையும் பிசகச் செய்தார்களே!

அமெரிக்கர்கள் ஆட்சேபம் எழுப்பினார்கள். டெலிவிஷன் பதிவும் போட்டோக்களும் லார்ஸனுக்குச் சாதகமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆட்சேபம் தள்ளுபடி ஆயிற்று. காமிராவுக்குச் சாட்சிக் கூண்டில் இடம் இல்லை.

நீதிபதிகள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், எதிர்ப் படியை முதலில் தொட்டது யார் என்ற சண்டை ஒரு நாளும் தீர்ந்ததில்லை. தொடுகிற கை தண்ணீருக்குள் இருக்கும். மேலே தெரிவதெல்லாம் அலையும் நுரையும். கிணற்று மேட்டில் நிற்கிறவன் யாருக்குச் சிநேகிதனோ அவனுக்கு ஜயம்.

ரோமாபுரி ரகளைக்குப் பிறகு மனிதக் கண்ணை நம்பிப் பயனில்லை என்ற எண்ணம் வலுத்தது. 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸில் சுவரிலேயே தொடுபலகை பொருத்தினார்கள். கை பட்ட மாத்திரத்தில் கடிகாரம் நிற்கும். யந்திரம் வந்தால் வம்பு தீரும் என்று நினைத்தால், 1972-ல் ம்யூனிக்கில் அது அளவுக்கு மீறிய சாமர்த்தியத்தைக் காட்டியது. 400 மீட்டர் கலப்பு நீச்சலில் ஸ்வீடனின் குன்னர் லார்ஸன் அமெரிக்காவின் டிம் மக்கியை விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். தூரத்தில் சொன்னால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். குளம் கட்டிய கொத்தனார் ஒரு பாதையில் சுவரை அந்த அளவு தள்ளிக் கட்டியிருந்தால் பதக்கம் கை மாறியிருக்கும். அப்புறம் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள்.

காமிராவுக்குக் கூண்டில் இடம் கிடைத்தது 2008-ல், பீஜிங்கில். 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸுக்கு 50.58, செர்பியாவின் மிலோராட் சாவிச்சுக்கு 50.59. மேலேயிருந்து பார்த்தவர்களுக்கெல்லாம் சாவிச் ஜயித்த மாதிரியே இருந்தது. அவர் கைகளை நீட்டியபடி வழுக்கிக்கொண்டு வந்தார். பெல்ப்ஸ் கடைசியில் அரை வீச்சு அதிகமாகப் போட்டுப் பலகையில் அறைந்தார். செர்பியர்கள் ஆட்சேபித்தபோது நுணுக்கமான படங்களை எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். ஹைன்ஸ் க்ளூட்மையர் என்ற பத்திரிகைப் படக்காரர் குளத்துக்குள் பொருத்தியிருந்த காமிராவும் அந்தக் கணத்தை வரிசையாகப் பிடித்திருந்தது. அந்தப் படங்களை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெல்ப்ஸின் விரல்கள் பலகையில் அழுந்தியிருக்கின்றன. சாவிச்சின் விரல்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. தலைக்கு மேலே, தண்ணீர்ப் பரப்பு கண்ணாடி ஓடு மாதிரி கலங்கித் தெரிகிறது. அந்த ஓட்டுக்கு மேல் பக்கத்திலிருந்துதான் ரோமாபுரி நீதிபதிகள் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள்.

காமிரா பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் நான் முழுவதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோணம் சற்றே சாய்ந்தாலும், அருகே இருக்கிறவன் முந்தினவன் மாதிரி தெரிவான். நேர் கோட்டில் நின்ற காமிராவின் பேச்சுக்குத்தான் மதிப்பு. ரோமாபுரியில் குறைந்தபட்சம் அதன் பேச்சைக் கேட்டு, குறுக்கு விசாரணை செய்து, பிறகு தள்ளியிருக்கலாம்.

லார்ஸனுக்கு அதே ரோமாபுரியில் தொடர் நீச்சலில் ஒரு தங்கப் பதக்கம் கிடைத்தது. தனியாக ஒன்று கிடைக்கவில்லை. டெவிட் 2023-ல் காலமானார். சில மாதங்களில், 2024-ல், லார்ஸனும் காலமானார். ஒலிம்பிக் பதிவேட்டில் இருவர் பெயருக்கும் எதிரே இன்றைக்கும் 55.2 என்றுதான் இருக்கிறது. டெவிட் பெயர் மேலே, லார்ஸன் பெயர் கீழே.