செடித்தொட்டியின் கொள்ளளவு

செடித்தொட்டியின் கொள்ளளவு என்பது, தொட்டி அல்லது வளர்ப்புப் பையில் வளரும் செடியின் வேர்களுக்குக் கிடைக்கும் மண்கலவையின் கன அளவு ஆகும். இது பொதுவாக லிட்டரில் குறிக்கப்படுகிறது. நிலத்தில் வளரும் செடி நீரைத் தேடி வேரை நீட்ட முடியும். தொட்டியில் வளரும் செடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே மாடித் தோட்டம் போன்ற திறந்தவெளித் தோட்டங்களில் தொட்டியின் அளவே செடியின் வளர்ச்சி, நீர்த்தேவை, கட்டடத்தின் மீதான சுமை ஆகிய மூன்றையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

கணிக்கும் முறை

தொட்டிகள் பெரும்பாலும் வாயின் விட்டத்தைக் கொண்டே விற்கப்படுகின்றன. இது கொள்ளளவைச் சரியாகக் காட்டுவதில்லை. விட்டமும் உயரமும் 30 செ.மீ. ஆக உள்ள உருளை வடிவத் தொட்டி ஏறத்தாழ 21 லிட்டர் கொள்ளும். அதே வாயும் உயரமும் கொண்டு, அடி விட்டம் 20 செ.மீ. ஆகக் குறுகிய தொட்டி ஏறத்தாழ 15 லிட்டர் மட்டுமே கொள்ளும். விட்டமும் உயரமும் இரு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்காகும். நீர் ஊற்றுவதற்காக மேலே 2 முதல் 3 செ.மீ. வரை இடம் விடப்படுவதால், பயன்படும் அளவு இன்னும் சற்றுக் குறையும்.

வளர்ச்சியில் தாக்கம்

வேர்கள் தொட்டியின் சுவரை அடைந்ததும் அதனை ஒட்டிச் சுற்றி வளரத் தொடங்குகின்றன. இந்நிலை நீடித்தால் வேர்கள் பின்னிப் பிணைந்து, நீரும் சத்தும் போதாமல் செடி குன்றும். செருமனியின் யூலிச் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஹென்ட்ரிக் பூர்ட்டரும் பிறரும் 65 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2012 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தொட்டியின் கொள்ளளவு இரு மடங்கானபோது செடியின் உயிர்ப்பொருள் சராசரியாக 43 விழுக்காடு கூடியது என அதில் கண்டனர். சிறு தொட்டிகளில் இலைப்பரப்பின் ஓர் அலகில் நிகழும் ஒளிச்சேர்க்கை குறைவதே வளர்ச்சிக் குறைவுக்கு முதன்மைக் காரணம் எனவும் அவர்கள் கூறினர். போன்சாய்க் கலையில் இதே வேர்க் கட்டுப்பாடு வேண்டுமென்றே பயன்படுத்தப்படுகிறது.

நீரும் வெப்பமும்

திறந்தவெளியில் வெயிலும் காற்றும் நீரிழப்பை மிகுவிக்கின்றன. மண்கலவை தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு நீரைச் செடிக்குத் தருமாயின், 5 லிட்டர் தொட்டியில் 1 லிட்டர் நீரும் 20 லிட்டர் தொட்டியில் 4 லிட்டர் நீரும் இருப்பாக நிற்கும். நன்கு வளர்ந்த தக்காளிச் செடி கோடையில் ஒரே நாளில் 1 லிட்டருக்கு மேல் நீரை எடுக்கக்கூடும். ஆகவே சிறு தொட்டியில் உள்ள செடி காலையில் நீர் பெற்றும் மாலைக்குள் வாடுகிறது. சிறு தொட்டிகள், குறிப்பாகக் கறுப்பு நெகிழித் தொட்டிகள், விரைவில் சூடேறி வேர்களையும் பாதிக்கின்றன. மண்தொட்டியின் சுவர் வழியே நீர் ஆவியாவதால் அது குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் விரைவில் காயும்.

மிகப் பெரிய தொட்டி

பெரிய தொட்டி எப்போதும் சிறந்தது அன்று. சிறிய நாற்றைப் பெரிய தொட்டியில் நட்டால், வேர் எட்டாத பகுதியில் நீர் தேங்கி வேரழுகல் ஏற்படலாம். மேலும், வடிகால் துளைகள் இருந்தாலும் அடியில் சில செ.மீ. உயரத்துக்கு மண்கலவை ஈரம் நிறைந்தே இருக்கும். இந்த ஈர அடுக்கின் உயரம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது அன்று. கலவையின் தன்மையைப் பொறுத்தது. எனவே ஆழமற்ற அகன்ற தொட்டியில் ஈரப்பகுதியின் பங்கு மிகுதி. அடியில் கூழாங்கல் இடுவது இதனைத் தீர்க்காது. ஈர அடுக்கை மேலே நகர்த்தி வேருக்கான இடத்தையே குறைக்கும்.

கூரையின் சுமை

ஈரமான தோட்ட மண் லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 கிலோகிராம் வரை எடையுள்ளது. 200 லிட்டர் பீப்பாயைக் குறுக்கே பாதியாக வெட்டிச் செய்த தொட்டி, மண்ணும் நீரும் நிறைந்தால் 150 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். ஆட்கள் ஏறிச் செல்லும் தட்டையான கூரைக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோகிராம் சுமையைக் குறிக்கிறது. கூரை முழுதும் 10 செ.மீ. உயரத்துக்கு ஈரமண் பரப்பினாலே இவ்வளவு சுமை வந்துவிடும். இதனால் பெரிய தொட்டிகளைக் கூரையின் நடுவில் நெருக்கமாக வைக்காமல், சுவர்களுக்கும் உத்திரங்களுக்கும் மேலே இடைவெளி விட்டு வைப்பதும், கட்டடப் பொறியாளரின் கருத்தைப் பெறுவதும் தேவை. தென்னை நார்க்கழிவு கலந்த கலவை மண்ணை விட எடை குறைந்தது.

செடிக்கேற்ற அளவு

பின்வருவன நடைமுறையில் கொள்ளப்படும் தோராயமான அளவுகள் ஆகும்.

கீரை, கொத்தமல்லி: 15 முதல் 20 செ.மீ. ஆழமுள்ள அகன்ற தொட்டி
மிளகாய்: 10 முதல் 15 லிட்டர்
தக்காளி, கத்தரி, வெண்டை: 15 முதல் 25 லிட்டர்
பாகல், புடலை, சுரை: 25 முதல் 50 லிட்டர்
எலுமிச்சை, முருங்கை: 50 முதல் 100 லிட்டர்

தக்காளி, மிளகாய் போன்று விரைந்து வளரும் செடிகளை நாற்றுத் தட்டிலிருந்து நேரே இறுதித் தொட்டிக்கு மாற்றலாம். எலுமிச்சை போன்று மெதுவாக வளர்பவற்றை, வேர் மண்கட்டியை நிறைத்த பின்னர், படிப்படியாகப் பெரிய தொட்டிகளுக்கு மாற்றுவது ஏற்றது.