முன்றிலில் பொரிந்த மீன்: ஜப்பானிய இசகாயாவும் நம் நறவுக்கடையும்

‘இசகாயா’ என்னும் ஜப்பானியச் சொல்லைப் பிரித்தால் மூன்று உறுப்புகள் கிடைக்கின்றன. ‘இ’ என்பது இருத்தல். ‘சக’ என்பது சாக்கே, அதாவது மது. ‘யா’ என்பது கடை. வாங்கிக்கொண்டு போகாமல், அங்கேயே இருந்து குடிக்கும் கடை என்று பொருள். இருத்தலைக் குறிக்கும் அந்த வினையின் முழு வடிவம் ஜப்பானிய மொழியில் ‘இரு’ என்பதே. இதைக் கேட்டவுடன் தமிழ் நெஞ்சம் துள்ளுவது இயல்பு. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்று சுசுமு ஓனோ பல்லாண்டுகள் எழுதிவந்ததை நாம் அறிவோம். ஆனால் பழைய ஜப்பானிய மொழியில் இச்சொல் வகரம் முன்னிற்க ‘விரு’ என ஒலித்தது. ஓனோவின் கொள்கையையும் மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆகவே சொல்லுறவை விட்டுவிடுவோம். நாம் இங்கு ஒப்புநோக்க விரும்புவது சொல்லை அன்று. மதுவின் அருகே வைக்கப்படும் தட்டை.

இசகாயாவில் உண்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வாயிலில் சிவப்புக் காகித விளக்கு தொங்கும். துணித்திரையை விலக்கிக்கொண்டு நுழைய வேண்டும். அமர்ந்ததும், நாம் எதையும் கேட்பதற்கு முன்பே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதேனும் ஒரு தொடுகறி வந்துவிடும். அதற்கு ‘ஓதோஷி’ என்று பெயர். கேளாமல் வந்தாலும் அதற்கு விலை உண்டு. இருக்கைக்கான கட்டணம் போன்றது அது. பிறகு அவித்த பச்சைச் சோயா அவரை, கோழித் துண்டுகளைக் குச்சியில் கோத்துக் கரி நெருப்பில் வாட்டிய யாக்கிதோரி, உப்பிட்டுச் சுட்ட மீன், பச்சை மீன் துண்டுகள் என்று சிறு சிறு தட்டுகளாக வந்துகொண்டிருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலை கிடையாது. எல்லாத் தட்டுகளும் நடுவில் இருக்கும், எல்லோரும் எடுத்துக்கொள்வர். தன் கிண்ணத்தில் தானே மதுவை ஊற்றிக்கொள்வது நாகரிகம் அன்று. அடுத்தவர் ஊற்ற வேண்டும். கடைசியில் சோற்றில் தேநீர் வார்த்த உணவோ, நூடுல்ஸோ உண்டு எழுவர். சுருங்கச் சொன்னால், அங்கே உணவுதான் நேரத்தை அளக்கிறது. மது அதன் பின்னால் நடக்கிறது.

இவ்வழக்கம் வானத்திலிருந்து விழுந்ததன்று. இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில் 1596இல் தோஷிமாயா என்னும் மதுக்கடை தோன்றியது. நகரமோ அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டட வேலைக்கு வந்த ஆண்கள் கூட்டம் கூட்டமாக அங்கே தங்கியிருந்தனர். சோயாக் கட்டியைக் குச்சியில் குத்தி, மிசோ தடவிச் சுட்டு, மதுவோடு விற்றுப் பெயர்பெற்றது அக்கடை. மதுவை ஏறத்தாழ அடக்கவிலைக்கே கொடுத்துவிட்டு, காலியான மரப்பீப்பாய்களை விற்றே ஆதாயம் கண்டது என்றும் சொல்லப்படுகிறது. இந்தக் காலிப் பீப்பாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. 1811இல் எடோவின் உண்டிச்சாலைகளைக் கணக்கெடுத்தபோது, சமைத்த பண்டத்தோடு மது விற்கும் இசகாயாக்கள் மட்டும் 1,808 இருந்தன. உழைத்துக் களைத்தவன் வீடு திரும்புமுன் அமர்ந்து உண்ணும் இடமாக அது நிலைபெற்றது.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் புலவர் ஒருவரே பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகளைப் பாடியவர். தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. கரிகாலனைப் பாடியது பட்டினப்பாலை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், இசகாயாவின் இரு பாதிகளும் நம் கைக்கு வந்துவிடுகின்றன.

முதற்பாதி பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. காஞ்சிக்குச் செல்லும் பாணன் வழியில் வலைஞர் குடியிருப்பில் தங்குகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் மதுவைச் செய்யும் முறையைப் புலவர் படிப்படியாகச் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். வாயகன்ற தட்டில் அதை ஆற்றுகிறார்கள். புற்றாஞ்சோற்றைப் போலத் தோன்றும் அடை ஒன்றை அதிற் கலக்கிறார்கள்; முளைகட்டிய நெல்லை இடித்துச் செய்தது என்று அதற்குப் பொருள் கொள்வர். வலிய வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து முதிரச் செய்கிறார்கள். பின் விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு பாணனுக்குக் கொடுக்கிறார்கள். இது பனங்கள்ளோ தென்னங்கள்ளோ அன்று, அரிசி மது. அதே பாட்டில் எயினர் தம் வீட்டிலேயே காய்ச்சிய ‘தோப்பி’யைப் பருகுகின்றனர், அதுவும் நெல்லிலிருந்து வந்ததே.

சாக்கே செய்வோர் வழி இதிலிருந்து ஓரிடத்தில் மட்டும் பிரிகிறது. அவர்கள் வேகவைத்த அரிசியில் ‘கோஜி’ என்னும் பூஞ்சையை வளர்த்து அரிசியின் மாவை இனிப்பாக்குகின்றனர். நம்மவர் அவ்வேலையை நெல்முளையிடம் விட்டனர் எனலாம். மற்றபடி அரிசி, நீர், சாடி, காத்திருத்தல், பக்கத்தில் சுட்ட மீன் எல்லாம் ஒன்றே. நெல்லும் மீனும் மிகுந்த இரு நாடுகள் தத்தம் போக்கில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதற்கு உறவுமுறை தேட வேண்டிய தேவையே இல்லை.

மறுபாதி பட்டினப்பாலையில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தில் பறக்கும் கொடிகளைப் புலவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். வாதுக்கு அழைத்து ஆசிரியர்கள் ஏற்றிய கொடி, துறையில் அசையும் மரக்கலங்களின் கொடி, இவற்றை அடுத்து நறவு விற்கும் கடையின் கொடி. அக்கடையின் முற்றத்தில் மீனையும் இறைச்சியையும் அறுத்துப் பொரிக்கும் ஓசை கேட்கிறது. மணல் பரப்பி மலர் தூவியிருக்கிறது. வாயிலில் பலரும் நுழைந்துகொண்டிருக்கின்றனர். சிவப்பு விளக்குக்குப் பதிலாகக் கொடி, அவ்வளவே வேறுபாடு. கடையைக் காட்ட வந்த புலவர் மதுவின் நிறத்தையோ மயக்கத்தையோ முதலிற் சொல்லவில்லை, பொரியும் ஓசையைச் சொன்னார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கல்விக் கொடிக்கும் கப்பற் கொடிக்கும் அருகே அக்கடைக்கு இடம் கொடுத்தார் என்பதையும் மறத்தலாகாது.

இந்தப் பாட்டுகள் நம் கைக்கு வந்த கதையில் நம் பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கும் பங்குண்டு. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் அச்சேற்றியவர் உ. வே. சாமிநாதையர். அவருடைய இளமைக் காலத்தின் ஒரு பகுதி அரியலூரிலும் குன்னத்திலும் கழிந்தது. அன்று அரியிலூர் என்று வழங்கிய ஊரில் சடகோபையங்காரிடம் அவர் தமிழ் கற்றார். குன்னம் இன்று பெரம்பலூர் மாவட்டத்தின் ஒரு வட்டம். அந்தத் தெருக்களில் தமிழ்ச்சுவை அறிந்த சிறுவன் ஒருவன் பின்னாளில் ஏடு தேடி அலைந்திராவிட்டால், வலைஞர் வீட்டுச் சாடியும் பட்டினத்து முன்றிலும் செல்லுக்கு இரையாகியிருக்கக்கூடும்.

பழந்தமிழர் மதுவை ஒருமுகமாகப் போற்றினர் என்று சொல்ல நாம் வரவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். ஆட்சியாளர்களும் மதுவின்மேல் கண் வைத்திருந்தனர். பல்லவர் காலச் செப்பேடுகளில் ‘ஈழம்பூட்சி’ என்னும் கள்ளிறக்கும் வரி காணப்படுகிறது. சோழர் காலத்துப் பிரமதேயக் கொடைகளில், அவ்வூர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்னும் விதி இடம்பெற்றது. மரத்தை அரசு அப்போதே எண்ணத் தொடங்கிவிட்டது. ஆனால் ஔவையார் அதியமானுக்காக அழுதபோது, சிறிதளவு கள்ளைப் பகிர்ந்ததையும், சோற்றைப் பலரோடு பகிர்ந்ததையும் ஒரே மூச்சில் நினைத்து அழுதார். கள்ளும் சோறும் பகிர்தலும் அங்கே பிரியாதிருந்தன.

பிரிவு வந்தது வருவாய்க் கணக்கினால். 1886இல் வந்த சென்னை அப்காரிச் சட்டத்தின்கீழ் மரத்துக்கு வரியும் கடைக்கு ஏலமும் நிலைபெற்றன. ஏலத்தில் பெருந்தொகை கொடுத்தவன் அதை மீட்க வேண்டுமானால் மதுவைத்தான் அதிகம் விற்க வேண்டும். மீனைப் பொரித்துக்கொண்டிருக்க அவனுக்குப் பொழுதேது? குடித்தழிந்த குடும்பங்களின் கண்ணீர்தான் 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரையும் கண்ணம்மாளையும் கள்ளுக்கடை மறியலுக்கு இட்டுச்சென்றது. அந்தக் கண்ணீரை எளிதாக எண்ணுபவர் இந்த வரலாற்றைப் பேசத் தகுதியுடையவர் அல்லர். 1937 அக்டோபர் 1இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 1987இல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. 2003 இறுதியில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே ஏற்றது.

இதன் முடிவு விந்தையானது. மரத்திலிருந்து இறக்கும் மென்மையான பானம் குற்றமாயிற்று. ஆலையிலிருந்து வரும் கடுமையான பானம் அரசின் சரக்காயிற்று. 2023-24ஆம் ஆண்டில் அதன் வழியே அரசுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். கடையை ஒட்டிய மதுக்கூடங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது வழங்கப்படும் உரிமத்தின் பெயரைப் பாருங்கள்: தின்பண்டங்கள் விற்கவும், காலி பாட்டில்கள் சேகரிக்கவுமான உரிமம். எடோவின் காலிப் பீப்பாயை இங்கே நினைவுகூர்க. அங்கே மது மலிவாகி, சுட்ட பண்டம் பெயர்பெற்று, பீப்பாய் ஆதாயம் தந்தது. இங்கே தின்பண்டமும் காலி பாட்டிலும் ஒரே வரியில், ஒரே தகுதியில் சேர்ந்துவிட்டன.

ஜப்பானிய அரசு மட்டும் வருவாயை வெறுத்ததா? இல்லை. வீட்டில் மது காய்ச்சுவதை அது 1899இலேயே தடைசெய்தது. அக்காலத்தில் மதுவரியே அதன் முதன்மையான வரிகளுள் ஒன்று. ‘தொபுரோகு’ எனப்படும், வடிகட்டாத வீட்டு மதுவைக் காய்ச்சிய உழவர்கள் அதனால் குற்றவாளிகள் ஆயினர். நம் தோப்பிக்கு நேர்ந்த கதிதான் அதற்கும். ஆனால் அவ்வரசு அரிசி மதுவை அழிக்கவில்லை. அமர்ந்துண்ணும் மேசையிலும் கைவைக்கவில்லை. கோஜி கொண்டு மது வடிக்கும் மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இவ்வளவு தொலைவு போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடையின் மரவள்ளிக் கிழங்கையும் மீன்கறியையும் உண்பதற்கென்றே குடும்பத்தோடு செல்வோர் இருக்கின்றனர். கொடியின் கீழ் பொரியும் ஓசை அங்கே இன்னும் கேட்கிறது.

நம் இரு மாவட்டங்களில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்ட் ஆலையிலும் சின்ன வெங்காய வயலிலும் நாள் முழுதும் உழைப்பவன், எடோவில் வீடு கட்டிய தொழிலாளியைப் போன்றவனே. மாலையில் அவனும் சற்று இருக்க விரும்புகிறான். இவனுக்கு மட்டும் இருக்க இடமில்லை. நின்றபடி, வெறும் வயிற்றில், விரைவாக முடித்துக்கொள்ள வேண்டும். உணவு வயிற்றில் இருந்தால் மது குருதியில் மெதுவாகக் கலக்கும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. வலைஞர் வீட்டார் அதைப் படித்து அறியவில்லை. மீனைச் சுட்டுப் பக்கத்தில் வைத்தார்கள்.

குடி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவு சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அதற்கு வள்ளுவர் இருக்கிறார். குடியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குப்பியை மட்டுமே பார்க்கின்றனர். அரசும் குப்பியைத்தான் எண்ணுகிறது, மதுவிலக்குப் பேசுவோரும் குப்பியைத்தான் உடைக்கின்றனர். அதன் அருகே ஒரு காலத்தில் ஒரு தட்டு இருந்தது. அத்தட்டைச் சுற்றிப் பலர் இருந்தனர். குப்பி நின்று தட்டு போனதுதான் நம் இழப்பு. இசகாயாவைப் பற்றி இனி எங்கேனும் படிக்க நேர்ந்தால், வேற்று நாட்டு விந்தை என்று வியப்பதற்கு முன் பட்டினப்பாலையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உருத்திரங்கண்ணனார் நமக்காக எழுதி வைத்த அந்த ஓசை இன்னும் அதில் இருக்கிறது.