வரிமீனும் வரலாறும்

வரலாறு என்றவுடன் மன்னர்களின் முடிகளும் படைகளின் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. கடற்கரையில் கோலும் கயிறுமாக நிற்கும் எளிய மனிதனை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆயினும், ஒரு மீனைச் சுற்றி ஒரு நாட்டின் சட்டமும் கல்வியும் தொழிலும் அறிவியலும் வளர்ந்த கதை ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் வாழும் 'பாஸ்' என்னும் மீனின் கதையே அது. அக்கதையில் ஒரு பள்ளிக்கூடமும் இடம்பெறுவதால், ஆசிரியர்களும் மாணவர்களும் அதனை அறிந்திருத்தல் நன்று.

பெயரும் இயல்பும்

ஆங்கிலேயர் 'பாஸ்' என்ற ஒரே சொல்லால் பலவகை மீன்களைக் குறிப்பர். நம் நாட்டுக் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாயும், அதாவது மலாய்க்காரர் 'சியாக்காப்' என்று அழைக்கும் மீனும், அவர்கள் வழக்கில் ஆசியக் கடல் பாஸ் ஆகும். இங்கே நாம் காணப்போகும் மீன் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளி போல் மின்னும் அதன் உடலில் ஏழெட்டுக் கருங்கோடுகள் தலைப்புறத்திலிருந்து வால்வரை நீளவாட்டில் ஓடும். அக்கோடுகளால் அதற்கு 'வரிப் பாஸ்' என்று பெயர். நாம் 'வரிமீன்' என்றே சொல்வோம். பாறைகளை நாடி வாழ்வதால் செசபீக் விரிகுடா மக்கள் அதனைப் 'பாறைமீன்' என்றும் அழைக்கின்றனர்.

கொடுவாயையும் வரிமீனையும் ஒப்பிட்டால் இயற்கையின் விந்தை விளங்கும். கொடுவா பெரும்பாலும் நன்னீரில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு உப்புநீர்க் கழிமுகத்துக்கு இறங்கி வரும். வரிமீனோ கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு ஆற்றில் ஏறிச் செல்லும். ஒன்றன் வழி மற்றொன்றற்கு எதிர்வழி.

சட்டம் காத்த மீன். பள்ளி வளர்த்த மீன்

ஆங்கிலேயர் 1620ஆம் ஆண்டில் பிளிமத்தில் குடியேறினர். அக்கரை அதற்குமுன் ஆளில்லாத கரையன்று. அது வாம்பனோவாக் மக்களின் தாயகம். குடியேறியவர்கள் அங்குக் கண்ட செல்வங்களுள் வரிமீனும் ஒன்று. வில்லியம் உட் என்பவர் 1634ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட நூலில், அக்கால மக்கள் இம்மீனைப் பிடித்த முறையை விவரித்துள்ளார். தடித்த கயிற்றின் முனையில் சிங்கி இறாலின் தசையைக் கோத்துக் கடலில் எறிவர். மீன் கவ்வியதும் கையாலேயே இழுத்துக் கரைசேர்த்துத் தடியால் தலையில் அடிப்பர். கோல் இல்லை, உருளை இல்லை. கையே கோல், கரையே களம். கரையோரத் தூண்டில் அந்நாட்டில் தொடங்கிய நிலை இதுவே.

மீன் மிகுதியாகக் கிடைத்தபோது அதன் அருமை மறைந்தது. உண்டு மிஞ்சியதை மட்டுமன்றி, உண்ணத்தக்கதையும் வயலுக்கு எருவாக இட்டனர். இதனைக் கண்ட மாசசூசெட்ஸ் குடியேற்ற மன்றம், 1639ஆம் ஆண்டில் காட் மீனையும் பாஸ் மீனையும் நிலத்துக்கு எருவாக இடலாகாது என்று தடைவிதித்தது. உணவாகும் பொருளை மண்ணில் வீணாக்கலாகாது என்ற எண்ணம் சட்டமானது. ஆங்கிலேயர் அக்கண்டத்தில் மீன்வளம் காக்க இயற்றிய மிகப் பழைய சட்டங்களுள் இது ஒன்று.

அடுத்து நிகழ்ந்ததே நம்மைப் போன்றோர் நெஞ்சில் நிறுத்தவேண்டிய செய்தி. பிளிமத் குடியேற்றத்தின் மன்றம் 1670ஆம் ஆண்டில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கேப் காட் கரையில் வலைகொண்டு கானாங்கெளுத்தி, பாஸ், ஹெரிங் ஆகிய மீன்களைப் பிடிப்பதிலிருந்து குடியேற்றத்துக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் வருவாயை, அதன் எல்லைக்குட்பட்ட ஓர் ஊரில் பொதுப்பள்ளி ஒன்றை நடத்துவதற்கு ஒதுக்குவதென்பதே அத்தீர்மானம். 'வரி' என்னும் தமிழ்ச்சொல் கோட்டையும் குறிக்கும். அரசுக்குச் செலுத்தும் இறையையும் குறிக்கும். ஏட்டில் எழுதும் எழுத்து நிரலையும் குறிக்கும். உடலில் வரிகொண்ட மீன் வரியாக மாறிப் பிள்ளைகள் வரிவரியாக எழுதப் படிக்க உதவிற்று என்றால், அஃது அந்த ஒரு சொல்லின் மூன்று பொருளும் ஒருங்கே நிறைவேறிய நிகழ்ச்சி எனலாம்.

அப்பள்ளி குடியேறியவர்களின் பிள்ளைகளை எண்ணி எழுந்தது. மண்ணின் மைந்தருக்கும் குடியேறியவர்க்கும் இடையே 1675ஆம் ஆண்டில் கொடும்போர் மூண்டது. பொதுவளத்தைக் கல்விக்கு ஈந்த நெஞ்சம், 'பொது' என்னும் சொல்லின் எல்லையைச் சுருக்கியே வைத்திருந்தது. நன்மையை எடுத்துரைக்கும்போது குறையை மறைத்தல் வரலாறு கற்பிப்போர்க்கு அழகன்று.

பருவமும் பயணமும்

கரையில் நின்று மீன்பிடிப்பவன் மீனைத் தேடிச் செல்ல இயலாது. மீன் தன்னைத் தேடி வரும் காலத்தை அவன் அறிந்திருக்கவேண்டும். ஆகையால் வரிமீனின் பருவ ஒழுங்கே அவனுக்குப் பஞ்சாங்கம்.

குளிர்காலத்தில் பெருமீன்கள் வர்ஜீனியா, வட கரோலினா ஆகிய மாநிலங்களின் அப்பாற் கடலில் தங்கியிருக்கும். இளவேனில் தொடங்கியதும் அவை கரைநோக்கி வந்து ஆறுகளில் ஏறும். ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை முட்டையிடும் காலம். செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளே தலையாய பிறப்பிடங்கள். ஹட்சன் ஆறும் குறிப்பிடத்தக்கது. ஒரு பெரிய பெண்மீன் பல இலட்சம் முட்டைகளை இடும். முட்டைகள் ஏறத்தாழ இரண்டு நாளில் பொரியும். அதுவரை ஆற்றின் ஓட்டம் அவற்றைத் தாங்கிச் செல்லவேண்டும். ஓட்டம் குறைந்தால் அவை அடியில் படிந்து சேற்றில் மூச்சடைத்து அழியும். ஆற்று நீரின் அளவும் வெப்பமும் பொருந்தி வந்த ஆண்டில் குஞ்சுகள் பெருகும். பொருந்தாத ஆண்டில் அருகும். இலட்சக்கணக்கான முட்டைகள் இருந்தும் ஒரு தலைமுறையின் வாழ்வு சில வாரங்களின் வானிலையைச் சார்ந்திருக்கிறது.

முட்டையிட்ட மீன்கள் வடக்கு நோக்கிப் புறப்படும். மே மாதத்தில் மாசசூசெட்ஸ் கரையை அடைந்து, கோடை முழுதும் அங்கே மேயும். நடுக்கோடையின் வெம்மையில் அவை பகலில் ஆழம் நாடும். இரவிலும் விடியலிலும் அந்தியிலும் கரையை நெருங்கும். செப்டம்பர் பிறந்து நீர் குளிரத் தொடங்கியதும் மடவை, மென்ஹேடன் போன்ற இரைமீன்கள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே நகரும். வரிமீன்கள் அவற்றைத் தொடர்ந்து கரையை ஒட்டியே செல்லும். அக்டோபரும் நவம்பரும் கரைத் தூண்டிற்காரர்களின் அறுவடைக் காலம்.

இப்பயணத்தைக் கடலோடிகள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். டேனியல் மெரிமன் என்னும் அறிஞர் 1936ஆம் ஆண்டு முதல் மீன்களுக்கு அடையாள வில்லை பொருத்தி விடுவித்து, அவை எங்கே மீண்டும் பிடிபடுகின்றன என்று ஆராய்ந்து 1941ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். வழிவழியாக வந்த அறிவுக்கு அறிவியல் சான்று கிடைத்தது.

கருவிகளின் வளர்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரைத் தூண்டில் செல்வர்களின் பொழுதுபோக்காயிற்று. மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள கட்டிஹங் என்னும் சிறு தீவில் 1864ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தார் சிலர் மீன்பிடிக் கழகம் ஒன்றை நிறுவினர். அலைமோதும் பாறைகளின்மேல் கடலை நோக்கி நீண்ட மரமேடைகளை அமைத்தனர். எவர்க்கு எந்த மேடை என்பதைத் திருவுளச் சீட்டால் முடிவுசெய்தனர். உதவியாளர்கள் சிங்கி இறாலையும் மென்ஹேடனையும் துண்டுதுண்டாக வெட்டிக் கடலில் தூவி மீன்களை ஈர்க்க, உறுப்பினர்கள் தூண்டில் வீசினர்.

அவர்கள் கையாண்ட கயிறு ஆளிச்செடியின் நாரால் முறுக்கப்பட்டது. அத்தீவின் பெயரே அக்கயிற்றுக்கும் பெயராகிப் பிற்காலத்தில் எங்கும் பரவியது. நார்க்கயிறு ஈரத்தில் மட்கும். ஒவ்வொரு நாளும் மீன்பிடித்து முடிந்ததும் அதனை உலர்த்தியாகவேண்டும். கோலின் அடியில் பொருத்திய உருளை, கயிறு ஓடும்போது தானும் வேகமாகச் சுழலும். கட்டைவிரலால் அதனை அழுத்திக் கட்டுப்படுத்தத் தவறினால் கயிறு சிக்கலாகிவிடும். விரல் தேயாதிருக்க உறை அணிந்தனர். எறிவதே ஒரு கலையாக இருந்த காலம் அது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலைமை மாறியது. மூங்கிலின் இடத்தைக் கண்ணாடியிழைக் கோலும், நார்க்கயிற்றின் இடத்தை நைலான் நரம்பும் பிடித்தன. எறியும்போது சுழலாமல் நிலைத்து நிற்கும் புதுவகை உருளை பரவியது. அதில் நரம்பு தானே உதிர்ந்து ஓடுவதால் புதியவனும் ஓரளவு தொலைவு எறிய முடிந்தது. பழைய ஃபோர்டு வண்டிகளின் சக்கரங்களில் காற்றைக் குறைத்து, கேப் காட் மணலில் ஓட்டிச்சென்று மீன்பிடிக்கும் வழக்கமும் தோன்றியது. செல்வர்களின் மேடையிலிருந்த தூண்டில் தொழிலாளியின் கைக்கும் வந்தது.

எனினும் கருவியைத் தேரும் அறிவு மாறவில்லை. அலைக்கு அப்பால் இரை சென்று விழ ஒன்பது முதல் பதினோரடி வரை நீண்ட கோல் வேண்டும். பாறையோரத்தில் உராய்வைத் தாங்கும் தடித்த நரம்பு வேண்டும். திறந்த மணற்கரையில் மெல்லிய நரம்பே நெடுந்தொலைவு செல்லும். இரவில் உயிருள்ள விலாங்கு சிறந்த இரை. புயலுக்குப் பின் மட்டிகள் கரையொதுங்கும்போது மட்டியின் தசையே போதும். இரைமீன்கள் கூட்டமாக ஓடும் இலையுதிர் காலத்தில் மரத்தாலான பொய்யிரை அவற்றைப் போல் நீந்தி வரிமீனை ஏமாற்றும். நீர் அசையாதபோது வரிமீன் இரைதேடுவது குறைவு. ஏற்றமோ வற்றமோ ஓடும்போது, மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களிலும் நுரைபொங்கும் பாறையிடுக்குகளிலும் அது காத்திருக்கும். கடலைப் படிக்கத் தெரியாதவனுக்குக் கருவியின் விலை கைகொடுப்பதில்லை.

பெருமீன் மறைத்த உண்மை

நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் நகரில், அலைதடுப்புக் கற்சுவரில் நின்று 1982ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒருவர் எழுபத்தெட்டரை இராத்தல் எடையுள்ள வரிமீனைப் பிடித்தார். அதுநாள்வரை தூண்டிலில் பிடிபட்டவற்றுள் அதுவே மிகப் பெரியது. நாடே வியந்தது.

ஆனால் அதே ஆண்டுகளில் வரிமீன் இனம் அழிவை நெருங்கிக்கொண்டிருந்தது. 1973ஆம் ஆண்டில் ஏறத்தாழ 15 மில்லியன் இராத்தலாக இருந்த வணிகப் பிடிப்பு, 1983ஆம் ஆண்டில் சுமார் 3.5 மில்லியன் இராத்தலாகச் சரிந்தது. இவ்விரு செய்திகளும் ஒன்றோடொன்று முரண்படுவன போல் தோன்றும். வரிமீன் முப்பது ஆண்டுகள்வரை வாழக்கூடியது. நல்ல ஆண்டுகளில் பிறந்த பழைய மீன்கள் சில கடலில் எஞ்சியிருந்தன. அவற்றைத் தொடர்ந்து வரவேண்டிய இளைய தலைமுறைதான் இல்லை. பெருமீனைக் கண்டு மகிழ்ந்த கண்களுக்குச் சிறுமீன் இல்லாமை தெரியவில்லை.

அதனைக் கண்டவர்கள் வேறு சிலர். மேரிலாந்து மாநிலத்தார் 1954ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் குறித்த இடங்களில் கரைவலை இழுத்து, அவ்வாண்டு பிறந்த குஞ்சுகளை எண்ணிவந்தனர். எண்ணி முடித்ததும் நீரில் விட்டனர். ஆரவாரமற்ற அந்தக் கணக்கேடுதான் ஆபத்தை முன்னுரைத்தது.

நோன்பும் மீட்சியும்

அமெரிக்க நாடாளுமன்றம் 1984ஆம் ஆண்டில் வரிமீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1985ஆம் ஆண்டு பிறந்தபோது மேரிலாந்து தன் நீரில் வரிமீன் பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது. தடை 1990ஆம் ஆண்டுவரை நீடித்தது. வர்ஜீனியாவும் 1989ஆம் ஆண்டில் சேர்ந்துகொண்டது. மற்ற மாநிலங்களும் 1982ஆம் ஆண்டில் பிறந்த மீன்களைக் குறியாகக் கொண்டு, அவற்றுள் பெண்மீன்கள் ஒருமுறையேனும் முட்டையிடும்வரை காக்கும் வகையில் பிடிக்கத்தக்க அளவை உயர்த்திக்கொண்டே சென்றன. வணிக மீனவர்களின் குடும்பங்கள் வருவாய் இழந்தன. விரிகுடா மக்களின் உணவுமேசையிலிருந்து அவர்களுடைய பாறைமீன் மறைந்தது. அந்த நோன்பு எளிதன்று, ஆனால் வீண்போகவில்லை. 1989ஆம் ஆண்டில் கரைவலை நிறையக் குஞ்சுகள் வந்தன. 1995ஆம் ஆண்டில் இனம் மீண்டதென்று அறிவிக்கப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. இனம் மீண்டும் குறைந்துவிட்டதென்று 2019ஆம் ஆண்டின் ஆய்வு உரைத்தது. அவ்வாண்டு முதல் 2024ஆம் ஆண்டுவரை மேரிலாந்தின் குஞ்சுக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் சராசரிக்கு மிகத் தாழ்ந்தே இருந்தது. அதனால் விதிகள் மீண்டும் இறுகின. 2023ஆம் ஆண்டில் கடற்கரைத் தூண்டிற்காரர், 28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் இடைப்பட்ட மீனை மட்டுமே எடுத்துச் செல்லலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. இயற்கை இரை பயன்படுத்துவோர் வட்டமாக வளைந்த முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்பது அதற்கு முன்பே 2021ஆம் ஆண்டில் விதியாகியிருந்தது. அம்முள் குடலில் பதியாமல் வாயோரத்திலேயே தைக்கும். விடுவிக்கப்படும் மீன் பிழைக்கும். தூண்டில் முள்ளின் வளைவில்கூட ஒரு தலைமுறையின் கவலை அடங்கியிருக்கிறது.

நாம் கொள்ளத்தக்கது

1639ஆம் ஆண்டில் 'வீணாக்காதே' என்றனர். 1670ஆம் ஆண்டில் 'பிள்ளைகளுக்குக் கொடு' என்றனர். 1985ஆம் ஆண்டில் 'பிறக்கவிருப்பதற்காகப் பொறுத்திரு' என்றனர். மூன்றும் ஒரே அறத்தின் மூன்று படிகள். தம் பள்ளி எந்த வளத்தால், எவருடைய உழைப்பால் எழுந்தது என்று தேடியறியும் பயிற்சியை மாணவர்க்குத் தருவோமாயின், வரலாற்றுப் பாடம் உயிர்பெறும்.

ஆசிரியர் பணியும் அந்தக் கரைவலைப் பணியைப் போன்றதே. சாதனை படைத்த சில மாணவர்களைக் காட்டி ஒரு சமுதாயம் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் முதல் வகுப்பில் எத்தனை குழந்தைகள் வந்து அமர்கின்றனர், அவர்களுள் எத்தனை பேர் படிப்பைத் தொடர்கின்றனர் என்பதை ஆண்டுதோறும் பொறுமையாக எண்ணிப் பார்ப்பவர்களே அச்சமுதாயத்தின் எதிர்காலத்தை அறிவர். பெருமீனைப் போற்றுவோம், அதற்குமுன் குஞ்சுகளை எண்ணுவோம்.