உருக்கியும் அழியாத ஓட்டக்காரர்கள்

மூன்று ஓட்டக்காரர்கள் நிர்வாணமாக, தோளோடு தோள் உரச, எல்லையை எட்டிப் பிடிக்கப் பாய்கிறார்கள். ஆளுக்கு ஒரு பாதம்தான் தரையில். மற்றக் கால் பின்னால் அந்தரத்தில். 1886-ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் பிரெஞ்சுச் சிற்பி ஆல்ஃபிரெட் பூஷே வைத்த இந்தச் சிற்பத்தின் பெயர் ‘இலக்கில்’. பளிங்கில் இதைச் செதுக்கியிருந்தால் கணுக்கால் தாங்காது. முட்டுக்கொடுக்க ஒரு மரத்தண்டையாவது சேர்க்க வேண்டியிருக்கும். உள்ளீடற்ற வார்ப்பும் உலோகத்தின் உறுதியும் கைகொடுத்ததால் வெண்கலத்தில் இது சாத்தியமாயிற்று.

ஆனால் அந்த உலோகமே சிலைக்கு எமனாகவும் வந்தது. பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் நின்ற பெரிய வார்ப்பு, இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் உருக்கப்பட்டது. பயிருக்கும் தொழிலுக்கும் செம்பு வேண்டும் என்று காரணம் காட்டி, பொது இடங்களில் உள்ள செம்புக் கலவைச் சிலைகளை அகற்ற, ஜெர்மனியுடன் ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு 1941 அக்டோபரில் சட்டம் போட்டிருந்தது. இருந்தும் இந்த ஓட்டக்காரர்களை இன்றும் உலகம் அறியும். காரணம், கலை விமர்சகர்கள் பலர் ஏளனம் செய்த ஒரு வியாபாரம். அசலின் மீது ஒரு முள் ஊர்ந்து செல்ல, அதே அளவு விகிதத்தில் சிறிய பிரதியைக் குடைந்தெடுக்கும் கருவியை 1830-களிலேயே அஷில் கொல்லாஸ் உருவாக்கிவிட்டார். அதன்பின் சிலைகளைச் சின்னதாக்கி வார்த்து விற்பது பாரிஸில் பெருந்தொழிலானது. சியோ-தெகோவில் வார்ப்படச் சாலை ‘இலக்கில்’ சிற்பத்தையும் அப்படியே பல அளவுகளில் வார்த்து வீட்டுக் கூடங்களுக்கு அனுப்பியது.

இந்தச் சிறு வார்ப்புகளில் படைப்பு பிழைத்தது என்றால், பிரதி எப்படி அசலாகும் என்று கேட்கலாம். பூங்காவில் நின்றதும் அச்சிலிருந்து பிறந்த வார்ப்புதான். சிற்பியின் விரல் பட்டது களிமண்ணில். ஆகவே வெண்கலத்தில் ஒன்றை மட்டும் அசல் என்று பிரிப்பது கடினம். இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று: அளவு குறைந்தால் அனுபவமும் குறையாதா? குறையும். வழிப்போக்கர் அண்ணாந்து பார்த்த பொதுச்சிலை, காசுள்ளவரின் மேசை அலங்காரமாக ஆனது இழப்புதான். ஆனால் மூன்று பாதங்களில் நிற்கும் அந்தத் துணிச்சலான சமநிலை, முழங்கை உயரப் பிரதியிலும் குலையவில்லை. கூடத்துப் பொம்மைகளைத் தேடிப்பிடித்து உருக்க அரசுக்கு வழியும் இல்லை. ஒரே இடத்தில் ஒரே சிலையாகக் காப்பதை மட்டும் நம்பியிருந்தால், ஒரு சட்டமே பூஷேயின் இந்தப் படைப்பைத் துடைத்தெறியப் போதுமானதாக இருந்திருக்கும்.