நோவில்லா நோயின் வரலாறு

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், ஏறாவூரை அடையுமுன் எதிர்ப்படுவது தன்னாமுனை. வாவியை அண்டிய இவ்வூரில் நமக்கு அயலவரான முதிய மீனவர் ஒருவர் உளர். பிறசரினால் இதயத் தசை தடித்துவிட்டதென மருத்துவர் அவருக்குக் கூறிச் சில ஆண்டுகளாகின்றன. மாதந்தோறும் கிளினிக் கொப்பியுடன் சென்று குளிசை பெற்று வருகிறார். ஒருநாள் அவர் நம்மிடம் கேட்டார்: "வருத்தம் ஒண்டும் தெரியல்லையே மாஸ்டர், பின்னே என்னத்துக்கு நாள் தவறாம இந்தக் குளிசை?"

நாம் மருத்துவரல்லோம், தமிழாசிரியர். ஆயினும் விடை தேடப் புகுந்தபோது, இவ்வினா அவர் ஒருவருடையதன்று, மருத்துவ உலகமே நெடுங்காலம் தன்னைக் கேட்டுக்கொண்ட வினா என்பதைக் கண்டோம்.

எதிர்காற்றில் தண்டு வலிப்பவரின் புயம் திரள்வதுபோல, உயர்ந்த அமுக்கத்துக்கு எதிராகக் குருதியைத் தள்ளும் இடது இதயவறையின் சுவரும் தடிக்கின்றது. ஆனால் தோணிக்காரருக்கு இரவிலே ஓய்வுண்டு, இதயத்துக்கு அதுவுமில்லை. தடித்த சுவர் நாளடைவில் விறைக்கின்றது. தளர்ந்து குருதியை ஏற்கும் இயல்பு குன்றுகின்றது. தனக்கு வேண்டிய குருதியும் அதற்குப் போதாமற் போகின்றது. ஈற்றில் சோர்ந்து தோற்கின்றது. இவ்வளவும் பல்லாண்டுகள் ஓசையின்றி நடைபெறக்கூடும்.

ஓசையற்ற இந்நோயை மனிதன் அறிந்துகொண்டது எவ்வாறு? 1733ஆம் ஆண்டில், ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தமது ஆய்வொன்றை வெளியிட்டார். குதிரையொன்றின் நாடியிலே பித்தளைக் குழாயைச் செருகிக் கண்ணாடிக் குழாயுடன் இணைத்தபோது, குருதி 8 அடிக்கு மேல் எழுந்து நின்றது. குருதிக்கு அமுக்கம் உண்டென்பது கண்கூடாயிற்று. எனினும் நாடியைக் கீறும் இம்முறை நோயாளிக்கு எங்ஙனம் உதவும்?

1836இல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட், சிறுநீரக நோயால் இறந்தோர் பலரின் இதயம் தடித்திருந்ததை எடுத்துக்காட்டினார். நுண்ணிய குழாய்களின் வழியே குருதியைச் செலுத்த இதயம் மிகையாக உழைக்க நேர்ந்திருக்கலாமென அவர் ஊகித்தார். ஊகம் கூரியது, ஆனால் இறந்தவரைக் கொண்டே அதனை அறிய முடிந்தது.

உயிருள்ளவரிடம் அறியும் வழி பின்னரே பிறந்தது. 1896இல் இத்தாலியரான ரிவா-ரொச்சி கைப்பட்டியைச் சுற்றி அமுக்கத்தை அளந்தார். ருஷ்ய-ஜப்பானியப் போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்த நிக்கொலாய் கொரொட்கோவ், 1905இல், பட்டிக்குக் கீழே நாடியின் ஓசையைக் கேட்டு மேலமுக்கம், கீழமுக்கம் இரண்டையும் அறியலாமென ஒரு பக்கத்துக்கும் குறைந்த அறிக்கையிலே கூறினார். இன்றும் நமது கிளினிக்குகளில் மருத்துவர் காதில் வைத்துக் கேட்பது அவ்வோசையைத்தான்.

அளக்கத் தெரிந்தது, ஆற்றத் தெரியவில்லை. உயர்ந்த அமுக்கம் உடலுக்குத் தேவையான ஈடுசெய்தலாக இருக்கலாம், அதனைக் குறைக்க முற்படுவது தீங்கென்று கருதிய பெருமருத்துவர்கள் 1930களிலும் இருந்தனர். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் ஹாவர்ட் புரூவென் என்ற இதய மருத்துவர் சோதித்தபோது, அமுக்கம் 186/108, இதயம் பெருத்திருந்தது. டிஜிட்டாலிஸ், ஓய்வு, உப்புக் குறைந்த உணவு ஆகியவற்றுக்கு மேல் அளிப்பதற்கு அதிகமில்லை. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளைக் குருதிப்பெருக்கால் அவர் மாண்டபோது அமுக்கம் 300/190ஆக இருந்தது. உலகின் செல்வம் மிக்க நாட்டின் தலைவருக்கு அன்று கிடையாத மருந்தை, இன்று தன்னாமுனை மீனவர் காகித உறையிலே மடியில் செருகிச் செல்கிறார்!

அம்மருந்து ஒருவரின் கொடையன்று. நாஜிகளின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய வோல்டர் கெம்ப்னர், அமெரிக்காவில் சோறும் பழமும் கொண்ட உப்பற்ற உணவை நோயாளருக்கு அளித்து, பெருத்த இதயம் சுருங்கக்கூடுமென 1940களில் எக்ஸ்-கதிர்ப் படங்களால் காட்டினார். நமது நாட்டு வைத்தியமும் அறிந்த சர்ப்பகந்தி வேரின் பயனை, பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் உலக மருத்துவர்முன் வைத்தார். அதற்குப்பின் சிறந்த குளிசைகள் பல தோன்றின. தக்க மருந்தால் தடித்த சுவர் மெலியுமென்பதும், அதனால் பாரிசவாதம் முதலிய ஆபத்துகள் குறையுமென்பதும், 9,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வினால் உறுதியாயின.

எனினும் கண்டுபிடிப்பு மாத்திரம் ஏழையின் கைக்கு மருந்தைக் கொண்டுவருவதில்லை. வாழ்நாள் முழுதும் வேண்டப்படும் குளிசை வாங்க முடியாத விலையில் இருப்பின், அது அவருக்கு இல்லாத குளிசையே. இதனை உணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் அளித்த அறிக்கை, வணிகப் பெயர்களின் ஆரவாரத்தை விலக்கி, தேவையான மருந்துகளைப் பொதுப்பெயரில், மொத்தமாக, மலிவாகக் கொள்வனவு செய்யும் வழியை வகுத்தது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் உருவாயிற்று. பெருங்கம்பனிகளின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1977இல் அவர் கயானாவில் காலமானார். அவர் காட்டிய பாதையோ பிறநாடுகளுக்கும் வழிகாட்டிற்று.

அப்பாதை இடையில் அறுந்தால் நேர்வது என்ன? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நமது மீனவரும் கையிலிருந்ததை நீடிப்பதற்காக ஒருநாள் விட்டு ஒருநாள் குளிசை போட்டார். அவ்வாண்டின் இறுதியில் வலை இழுக்கையில் மூச்சு முட்டிற்று. மாலையில் கால்கள் வீங்கின. அந்நியச் செலாவணி, இறக்குமதி என்று பத்திரிகையில் நாம் வாசித்த சொற்களை அவர் தம் நெஞ்சிலே அறிந்தார்.

இப்போது மீண்டும் ஒழுங்காகக் குளிசை போடுகிறார். கருவாட்டைக் குறைத்துக்கொண்டார், மாலையில் வாவிக்கரையில் நடக்கிறார். அவர் வினாவுக்கு நாம் கண்ட விடை இதுவே: நோவு தெரியாதிருப்பது நோயின்மைக்குச் சான்றன்று; நாளும் போடும் குளிசை, நாளும் உழைக்கும் இதயத்தின் சுமையைக் குறைக்கின்றது. ஆசிரியரும் மாணவரும் இதனை வீடுதோறும் கூறலாம். அதனோடு நின்றுவிடலாகாது. குளிசையைத் தவறாது போடுவது நோயாளியின் கடமையெனின், அது தவறாது கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் கடமையன்றோ?