ஆள்குறைப்புக்குப் பின் எஞ்சியவர்கள்

வேலையிழந்து போனவர்களைப் பற்றி வரலாறு ஓரளவு பேசுகிறது. வேலையில் எஞ்சி நின்றவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. அவர்கள் பிழைத்துக்கொண்டவர்கள்தாமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். மலாயாத் தோட்டங்களில் 1930களில் நடந்ததைப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது.

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே கூலாய், குளுவாங், சிகாமட் என இரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ரப்பர்த் தோட்டங்களை நம்மில் பலர் அறிவோம். 1925இல் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேலும் விலைபோயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1932இல், அது பத்துக் காசுக்கும் கீழே இறங்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்ப்பது 1930இல் நிறுத்தப்பட்டது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவிலிருந்து கப்பலேறி ஊர் திரும்பினர்.

எஞ்சியவர் நிலை என்ன? முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி, 1930இல் 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. பின்னர் இன்னும் தாழ்ந்தது. குறைந்த கூலியை ஏற்க விரும்பாதவர் ஊர் திரும்பலாம் என்பதே ஏற்பாடு. ஆகவே கூலி போதாதென்று சொல்ல வாய் திறக்குமுன், கப்பலைப் பற்றியும் எண்ண வேண்டியிருந்தது. ஆள் எண்ணிக்கையைப் பொறுத்துத் தலைக்காசு பெற்ற கங்காணியின் வருமானமும் சுருங்கியது.

அவர்கள் தாக்குப்பிடித்தது எப்படி? கணவனும் மனைவியும் சேர்ந்து பால்வெட்டினார்கள். லயத்துக்கு அருகே கீரையும் காயும் பயிரிட்டார்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைத்தார்கள்.

1934இல் பன்னாட்டு ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் விலை ஏறியது. கூலியோ உடனே பழைய நிலைக்கு வரவில்லை. சீனிவாச சாஸ்திரியார் 1936ஆம் ஆண்டின் இறுதியில் வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, பழைய கூலியைத் திரும்ப வழங்கப் பரிந்துரைத்தார். 1937இல் அது கிடைத்தும், மறு ஆண்டே மீண்டும் குறைக்கப்பட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டதற்குக் கூலியும் ஒரு காரணம்.

மலாயாவில் பிறந்த இந்தியர் 1931இல் ஐந்தில் ஒருவர். 1947இல் ஏறத்தாழப் பாதிப்பேர். இதற்குப் போரும், 1938இல் இந்திய அரசு விதித்த தடையும்கூடக் காரணங்கள். எனினும் அந்தக் கடினமான ஆண்டுகளில் போகாமல் நின்ற குடும்பங்களே இந்நாட்டில் வேரூன்றின. எங்கே ஆள்குறைப்பு நேர்ந்தாலும், போனவர் எத்தனை பேர் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. இருப்பவர் தோளில் எவ்வளவு பாரம் ஏறியது என்றும் கேட்க வேண்டும்.